சூத்திரம் சரியாக இருந்தால் பட்டம் தானாக ஏறும்

பெரம்பூரில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் எனக்குக் கிடைத்த வேலை லோட்டாய் பிடிப்பது மட்டும்தான். அண்ணன்கள் இருவரும் காற்றாடி விடுவார்கள். நூல் சுற்றிய லோட்டாயைப் பிடித்துக்கொண்டு நான் பின்னால் நிற்பேன். "விடு" என்றால் விட வேண்டும், "சுற்று" என்றால் சுற்ற வேண்டும். ஐந்தாறு கோடை விடுமுறைகள் அப்படியே போயின. 1998-இல் திருமணமாகித் தில்லிக்கு வந்தேன். அந்த ஆகஸ்ட் 15 அன்று மயூர் விஹாரில் எங்கள் மாடிக்கு ஏறிப் பார்த்தபோது, பக்கத்து மாடியில் என் அம்மா வயதுப் பெண்மணி ஒருவர் துப்பட்டாவை இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டு பட்டம் விட்டுக்கொண்டிருந்தார். அவருடைய கணவர் பின்னால் நின்று சர்க்கியைப் பிடித்துக்கொண்டிருந்தார்; நம் லோட்டாய்க்கு இங்கே அதுதான் பெயர். அடுத்த நாளே அவரிடம் போய்க் கற்றுக்கொள்ளத் தொடங்கினேன்.

பதினொன்றாம், பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு இயற்பியல் சொல்லித்தருவது என் தொழில். அதனால் அந்த அம்மாள் கை கற்றுக்கொடுத்ததை எல்லாம் வீட்டுக்கு வந்து காகிதத்தில் கணக்குப் போட்டுப் பார்ப்பேன். அவர் சொன்ன எதுவும் தப்பவில்லை. கணக்குத் தெரியாமலேயே சரியாகச் செய்தவர் அவர். கணக்குத் தெரிந்தால் நாம் இன்னும் சீக்கிரம் கற்றுக்கொள்ளலாம் என்பதால் இதை எழுதுகிறேன்.

ஒவ்வோர் ஆண்டும் ஜூலைக் கடைசியில் குடியிருப்புப் பிள்ளைகள் பட்டத்தைத் தூக்கிக்கொண்டு என் வீட்டு வாசலுக்கு வருவார்கள். "அத்தை, எவ்வளவு ஓடினாலும் ஏறவே மாட்டேன் என்கிறது" என்பான் மேல்வீட்டுச் சேலத்துப் பையன். ஓடுவதில் பயன் இல்லை. பட்டம் ஏறாததற்குக் காரணம் பெரும்பாலும் அது கையை விட்டுப் போவதற்கு முன்பே நடந்து முடிந்திருக்கும்: தப்பான நேரத்தில் மாடிக்கு வந்திருப்பார்கள், அல்லது பட்டத்தையும் நூலையும் இணைக்கும் சூத்திரத்தைத் தப்பாகக் கட்டியிருப்பார்கள்.

காற்றைப் பார்ப்பது

முதலில் மரத்தைப் பாருங்கள். எங்கள் பூங்காவில் ஓர் அரச மரமும் ஒரு வேம்பும் பக்கத்துப் பக்கத்தில் நிற்கின்றன. அரச இலையை நம்பக் கூடாது. அதன் காம்பு நீளமாகவும் மெலிதாகவும் இருப்பதால், முகத்தில் காற்றே படாத நேரத்திலும் அது சலசலக்கும். வேம்பின் சிறு கிளைகள் ஓயாமல் அசைகின்றனவா என்று பாருங்கள். ஆகஸ்டில் தில்லியில் மாடிக்கு மாடி மூவர்ணக் கொடி கட்டியிருப்பார்கள். அது துவளாமல் விரிந்து பறந்தால் காற்று மணிக்கு 12 முதல் 19 கிலோமீட்டர் வரை இருக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம். பிரிட்டிஷ் கடற்படை அதிகாரி பிரான்சிஸ் போஃபோர்ட் 1805-இல் வகுத்த காற்று அளவையில் இதற்கு மூன்றாம் எண். புதிதாகக் கற்றுக்கொள்பவருக்கு இதைவிட நல்ல காற்று கிடையாது. தெருவில் புழுதியும் காகிதமும் எழும்பத் தொடங்கினால் அது நான்காம் எண். அப்போது சின்னப் பிள்ளைகள் கையில் நூலைக் கொடுக்க வேண்டாம்.

ஏன் இவ்வளவு கவனம் என்றால், காற்றின் தள்ளும் விசை வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்து ஏறுகிறது. என்னிடம் இருக்கும் பட்டம் மூலைக்கு மூலை 50 சென்டிமீட்டர். பரப்பு 1250 சதுர சென்டிமீட்டர். மணிக்கு 18 கிலோமீட்டர் காற்றில் அதன் மேல் விழும் தள்ளல், தோராயமாக 190 கிராம் எடையைக் கையில் தூக்குவதற்குச் சமம்.  பட்டத்தின் சொந்த எடை என் சமையலறைத் தராசில் 20 கிராமைத் தாண்டவில்லை. எனவே அது ஏறுவதற்கு வேண்டியதைவிடப் பல மடங்கு விசை அங்கே இருக்கிறது. காற்று இரட்டிப்பாகி 36 கிலோமீட்டர் ஆனால் அதே பட்டம் முக்கால் கிலோவுக்கு இழுக்கும். தாள் கிழிவதும் மூங்கில் முறிவதும் நூல் விரலை அறுப்பதும் அப்போதுதான்.

அடுத்து, எந்தப் பக்கத்துக் காற்று என்று பாருங்கள். மழைக்காலத் தில்லியில் காற்று ஒரு வாரம் கிழக்கிலிருந்து வரும், இன்னொரு வாரம் மேற்கிலிருந்து வரும். இங்கே கிழக்குக் காற்றைப் புர்வாயி என்றும் மேற்குக் காற்றைப் பச்சுவா என்றும் சொல்கிறார்கள். எங்களுக்கு மேற்கே யமுனைப் படுகை. அந்தத் திசைக் காற்று தடையில்லாமல் ஒழுங்காக வந்து சேரும். கிழக்குக் காற்று ஆயிரம் மாடிகளில் மோதிச் சிதறி வரும்; அன்றைக்குப் பட்டம் குடிகாரனைப் போலத் தள்ளாடும். உங்கள் வீட்டுக்கு எந்தப் பக்கம் வெட்டவெளி என்று பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். நல்ல காற்று அங்கிருந்துதான் வரும்.

மாடியிலேயே ஒரு பொறி இருக்கிறது. கறுப்புத் தண்ணீர்த் தொட்டி, மாடிப்படிக் கூடு, கைப்பிடிச் சுவர் இவற்றுக்குப் பின்புறம் காற்று சுழன்று அடிக்கும். ஆற்றில் பாறைக்குப் பின்னால் நீர் சுழிப்பதைப் பார்த்திருப்பீர்கள், இதுவும் அதேதான். தடையின் உயரத்தைப் போலப் பத்து மடங்கு தூரம் வரைகூட அந்தச் சுழல் நீளும். ஒன்றரை மீட்டர் தொட்டிக்குப் பின்னால் பதினைந்து மீட்டர் கெட்ட காற்று என்றால், நம் மாடி மொத்தமும் அதற்குள் அடங்கிவிடும். ஒரு குச்சியின் நுனியில் ஒரு முழம் தையல் நூலைக் கட்டி மாடி முழுக்க நடந்து பாருங்கள். நூல் ஒரே திசையில் நீண்டு நிற்கும் இடத்தில் நின்றுகொள்ளுங்கள். எங்கள் மாடியில் அப்படிப்பட்ட இடம் ஒரு பாய் அளவுதான் இருக்கிறது. கைப்பிடிச் சுவர் இடுப்புக்குக் கீழே இருக்கும் மாடி வேண்டவே வேண்டாம். அண்ணாந்து பார்த்தபடி பின்னால் நகர்வது பட்டம் விடுபவர்களின் இயல்பு. மைதானம் இருந்தால் மைதானத்துக்குப் போங்கள்.

பட்டம் வாங்குவது

சாவ்ரி பஜார் மெட்ரோ நிலையத்தில் இறங்கி, ஹவுஸ் காஜி சந்திப்பிலிருந்து லால் குவான் பஜாருக்குள் நுழைந்தால் ஆகஸ்ட் முதல் வாரத்தில் கடைக்குக் கடை பட்டம்தான். பிளாஸ்டிக் பட்டம் வாங்காதீர்கள். மெல்லிய தாளும் மூங்கிலும் கொண்ட பழைய பட்டமே பிடித்த பிடிக்கு வரும்.

நடுக்குச்சி நேராக, விறைப்பாக இருக்க வேண்டும். குறுக்கே வளைந்திருக்கும் வில்குச்சி அப்படி இருக்கக் கூடாது. அதற்கு உயிர் இருக்க வேண்டும். இரண்டு இறக்கை முனைகளையும் விரலால் மெல்லப் பின்னுக்குத் தள்ளிப் பாருங்கள். இரண்டும் ஒரே அளவு வளைந்து, விட்டதும் ஒரே வேகத்தில் திரும்ப வேண்டும். ஒரு பக்கம் மூங்கில் தடித்திருந்தால் அந்தப் பக்கம் குறைவாக வளையும். பறக்கும்போது பட்டம் எப்போதும் ஒரு பக்கமே சாயும். தில்லிக்காரர்கள் இதைப் பட்டம் கன்னி தின்கிறது என்பார்கள். கடையில் பத்துப் பட்டங்களை இப்படி வளைத்துப் பார்த்து நான்கை எடுப்பேன். கடைக்காரர்கள் இதற்காகக் கோபித்துக்கொண்டதில்லை. அவர்களும் தங்களுக்கென்று எடுக்கும்போது அப்படித்தான் எடுப்பார்கள்.

சூத்திரம்

பட்டத்தையும் நூலையும் இணைக்கும் அந்த முக்கோணக் கட்டைச் சென்னையில் சூத்திரம் என்போம். யாழ்ப்பாணத்தில் முச்சை. தில்லியில் கன்னே. சூத்திரம் என்ற சொல்லுக்கு நூல் என்றும் பொருள், கணக்கு வாய்பாடு என்றும் பொருள். எங்கள் ஊர்ப் பிள்ளைகள் இந்தக் கட்டுக்கு இதைவிடப் பொருத்தமான பெயரை வைத்திருக்க முடியாது.

கட்டும் விதத்தைச் சொல்கிறேன். 50 சென்டிமீட்டர் பட்டத்துக்கு, இரட்டையாக மடித்த நூல் ஒரு மீட்டர் எடுத்துக்கொள்ளுங்கள். மேலே நடுக்குச்சியும் வில்குச்சியும் வெட்டும் இடத்தில், குறுக்காக எதிரெதிர் மூலைகளில் ஊதுவத்தியின் கனலும் நுனியால் இரண்டு துளைகள் இடுங்கள். ஊசியால் குத்தினால் தாள் அந்த இடத்திலிருந்து கிழியத் தொடங்கும். நெருப்புத் துளையின் ஓரம் கருகி நிற்பதால் எளிதில் கிழியாது. ஊதுவத்தியை வெறுமனே தொட்டு எடுங்கள், ஊதாதீர்கள். கீழே வால் முனையிலிருந்து ஏழு விரற்கடை மேலே, நடுக்குச்சிக்கு இருபுறமும் இரண்டு துளைகள். நூலை மேல் துளைகளில் நுழைத்து, இரண்டு குச்சிகளையும் சேர்த்து அணைத்து இரட்டை முடிச்சுப் போடுங்கள். மறுமுனையைக் கீழே நடுக்குச்சியைச் சுற்றி அதேபோலக் கட்டுங்கள். முடிச்சுகள் பறக்கும்போது உங்களைப் பார்க்கும் பக்கத்தில் இருக்க வேண்டும்.

இப்போது நூலின் நடுப்பகுதியைக் கட்டைவிரலும் ஆள்காட்டிவிரலும் சேர்த்துப் பிடித்து வெளியே இழுத்தால் ஒரு முக்கோணம் கிடைக்கும். மேல் கால் ஒன்று, கீழ்க் கால் ஒன்று. இரண்டும் ஏறக்குறைய 30 சென்டிமீட்டர் இருக்கட்டும். பிடித்த இடத்தில் சின்ன வளையமாக ஒரு முடிச்சுப் போடுங்கள். சர்க்கி நூலைக் கட்டப்போவது இந்த வளையத்தில்தான். முடிச்சை உடனே இறுக்கிவிடாதீர்கள்.

பட்டத்தின் தலைவிதி இந்த வளையம் எங்கே நிற்கிறது என்பதில் இருக்கிறது. சிறு வயதில் பேருந்து ஜன்னலுக்கு வெளியே உள்ளங்கையை நீட்டி வீட்டில் திட்டு வாங்கியவர்களுக்கு இது புரியும். கையைக் கத்தியைப் போலக் கிடையாக வைத்தால் காற்று வெறுமனே வழுக்கிப் போகும். முன்விளிம்பைச் சற்றே உயர்த்தினால் கை மேலே எழும்பும். இன்னும் நிமிர்த்தினால் மேலே எழும்பாமல் பின்னுக்கு அடித்துத் தள்ளப்படும். பட்டத்துக்கும் அதே மூன்று நிலைகள்தான். காற்று அதன் மேல் தள்ளும் விசை எல்லாம் ஒரு புள்ளியில் குவிவதாக வைத்துக்கொண்டால், பட்டம் தன்னைத் தானே திருப்பிக்கொண்டு அந்தப் புள்ளியின் விசையும் வளையத்தின் இழுப்பும் நேர்கோட்டில் வரும்படி நிற்கும். வளையம் தலைப்பக்கம் நகர்ந்தால் பட்டம் காற்றில் படுத்துக்கொள்ளும், தள்ளல் குறையும். வளையம் வால்பக்கம் நகர்ந்தால் நிமிர்ந்து நின்று காற்றை நெஞ்சில் வாங்கும். இழுப்பு அதிகமாகும், ஏற்றம் குறையும்.

எனவே இதமான காற்றுக்கு இரண்டு கால்களும் சமமாக இருக்கட்டும். காற்று பலமாக இருந்தால் மேல் காலை அரை விரற்கடை, அதாவது ஒரு சென்டிமீட்டர் குறையுங்கள். அவ்வளவு சின்ன மாற்றம் போதுமா என்று பிள்ளைகள் கேட்பார்கள். கணக்குப் போட்டால் பட்டத்தின் சாய்வு சில பாகை மாறுகிறது. கையில் அந்த வித்தியாசம் உடனே தெரியும். நான் கற்ற முதல் ஆண்டில், மேல் காலை மூன்று விரற்கடை நீளமாகக் கட்டிவிட்டு மாலை முழுக்க இழுத்து இழுத்துத் தோளை நோகவைத்துக்கொண்டேன். பக்கத்து மாடி அம்மாள் சுவரைத் தாண்டி வந்து, பட்டத்தைத் திருப்பிப் பார்த்து, ஒரு சொல்லும் சொல்லாமல் முடிச்சைப் பல்லால் அவிழ்த்து மேலே நகர்த்திக் கட்டிக்கொடுத்தார். அடுத்த நிமிடமே பட்டம் ஏறியது.

கட்டி முடித்ததும் காற்றில்லாத அறையில் வளையத்தைப் பிடித்துப் பட்டத்தைத் தொங்கவிடுங்கள். எந்த இறக்கை தாழ்கிறதோ அதற்கு எதிர் இறக்கையின் முனையில் சிறு காகிதத் துண்டை ஒட்டுங்கள், அல்லது நூலை நாலைந்து சுற்றுச் சுற்றுங்கள். அரை கிராம்கூடத் தேவைப்படாது. இறக்கை முனை நடுக்குச்சியிலிருந்து தொலைவில் இருப்பதால், தராசுக் கோலின் நுனியில் வைத்த படிக்கல் போல அங்கே சிறு எடையும் பெரிதாக வேலை செய்யும்.

ஏற்றுவதும் ஓட்டுவதும்

துணைக்கு ஆள் இருந்தால் இருபது, இருபத்தைந்து மீட்டர் தள்ளிக் காற்று போகும் திசையில் நிற்கச் சொல்லுங்கள். மாடியில் அவ்வளவு இடம் இருக்காது. இதற்கும் மைதானம்தான் நல்லது. தில்லியில் இதற்குச் சுடைய்யா கொடுப்பது என்று பெயர். அவர் பட்டத்தின் தலையை மேல்நோக்கி வைத்து, இரண்டு இறக்கைகளையும் லேசாகப் பிடித்திருக்க வேண்டும். மேலே வீசி எறியக் கூடாது. நீங்கள் இழுக்கும்போது கையை விட்டால் போதும்.

துணை இல்லையென்றால் பட்டத்தைக் காற்றில் வைத்து, நூலை ஒரு முழம் விட்டு, சட்டென்று அதைவிடக் குறைவாக இழுத்து, மறுபடி விட்டு ஏற்ற வேண்டும். இழுக்கும்போது என்ன நடக்கிறது என்பதைத் தெரிந்துகொண்டால் ஓட வேண்டியதில்லை. காற்று நொடிக்கு 3 மீட்டர் வேகத்தில் வருகிறது, நீங்கள் நூலை நொடிக்கு 2 மீட்டர் வேகத்தில் இழுக்கிறீர்கள் என்றால், பட்டத்துக்கு அது நொடிக்கு 5 மீட்டர் காற்று. விசை வர்க்கத்தில் ஏறுவதால் கிட்டத்தட்ட மூன்று மடங்காகிறது. கை இரண்டு முறை நீட்டி மடக்குவதற்குள் அது முடிந்துவிடும். ஐந்தாறு இழுப்பில் பட்டம் மாடிச் சுழலைத் தாண்டி நல்ல காற்றுக்குள் போய்விடும். தரையோடும் கட்டடங்களோடும் உரசுவதால் காற்றின் வேகம் கீழே எப்போதும் குறைவு. திறந்த வெளியில்கூட 10 மீட்டர் உயரத்தில் இருப்பதைவிட 80 மீட்டர் உயரத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு அதிகமாக இருக்கும். முதல் பதினைந்து மீட்டர்தான் சிரமம். பிறகு பட்டம் உங்களைக் கேட்டு நூல் வாங்கும்.

திருப்புவதைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும். இதில்தான் எல்லோரும் திணறுகிறார்கள், எனக்கு மிகவும் பிடித்த பகுதியும் இதுதான். நம் பட்டத்துக்கு வால் இல்லை. வால் கட்டினால் அதன் இழுவை பட்டத்தைச் சுற்றவிடாமல் பிடித்துவைக்கும். ஆனால் பட்டம் நினைத்த பக்கம் திரும்பாது. வாலின் வேலையை இங்கே வில்குச்சி செய்கிறது. நீங்கள் நூலை இறுக்கும்போது காற்றின் தள்ளல் கூடி இறக்கை முனைகள் பின்னுக்கு வளைகின்றன. பட்டம் படகின் அடிப்பாகம் போல ஆகிறது. ஒரு பக்கம் சாய்ந்தால், சாய்ந்த பக்கத்து இறக்கை காற்றை அதிகமாக வாங்கித் தானே நிமிர்ந்துகொள்ளும். அமெரிக்காவில் நியூஜெர்சியைச் சேர்ந்த வில்லியம் எடி என்ற பத்திரிகையாளர், குறுக்குக் குச்சியை வில்லாக வளைத்து வாலே இல்லாமல் பறக்கும் பட்டத்துக்கு 1900-இல் காப்புரிமை பெற்றார். அவருக்கு மலாய் நாட்டுப் பட்டங்கள்தான் முன்மாதிரி. லால் குவானில் வாங்கும் பட்டத்திலும் அதே வில் இருக்கிறது.

நூலைத் தளர்த்தினால் இறக்கைகள் மறுபடி தட்டையாகிவிடும். தட்டையான பட்டத்துக்கு நிலை கிடையாது. தலை மெல்லச் சுழலத் தொடங்கும். அப்படிச் சுழலும்போது தலை நீங்கள் விரும்பும் திசையைப் பார்த்ததும் இழுங்கள். பட்டம் அந்தத் திசையில் அம்பு போலப் பாயும். இதுதான் முழு வித்தை. இழுத்தால் நேராகப் போகும், தளர்த்தினால் திரும்பும். வண்டி ஓட்டிப் பழகிய கைக்கு இது தலைகீழாகத் தோன்றும். பட்டம் கீழ்நோக்கிப் பாயும்போது பயத்தில் இழுப்பவர்களே அதிகம். இழுக்க இழுக்க அது இன்னும் வேகமாகத் தரைக்குப் போகும். தலை கீழே பார்த்தால் கையைத் தளர்த்துங்கள். அது சுழன்று மேலே பார்க்கும் வரை ஒரு நொடி, இரண்டு நொடி பொறுத்து, பிறகு இழுங்கள். சேலத்துப் பையனுக்கு இந்த ஒரு பாடத்துக்கு மூன்று மாலைகளும் ஏழு பட்டங்களும் ஆயின. நான்காம் நாள் மாலை, மின்கம்பத்துக்கு நாலு முழம் மேலே தலைகீழாக வந்த பட்டத்தை அவன் தளர்த்தித் திருப்பி மேலே கொண்டுபோனபோது, பின்னால் சர்க்கி பிடித்திருந்த நான்தான் அவனைவிட அதிகமாகக் கத்தினேன்.

இந்தத் தளர்த்தலுக்குத் தில்லியில் டீல் என்று பெயர். சென்னையில் டீல் என்றால் காற்றாடிப் போட்டி. எங்கள் ஊர்ச் சொல் இங்கிருந்து வந்ததாகத்தான் இருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது.

நூலை விட விடப் பட்டம் ஏறிக்கொண்டே போகாது. அரை மில்லிமீட்டர் தடிமனுள்ள நூலை 250 மீட்டர் விட்டால், அந்த நூலின் பக்கப் பரப்பு மட்டும் 1250 சதுர சென்டிமீட்டர். பட்டத்தின் பரப்பும் அதேதான். நூல் சாய்ந்து நிற்பதால் முழுப் பரப்பும் காற்றை வாங்காது. ஆனாலும் அதன் எடையும் இழுவையும் சேர்ந்து நூலைத் தொட்டில் போலத் தொய்ய வைக்கும். அதற்குமேல் விடும் நூல் பட்டத்தைத் தூரத்துக்குத்தான் கொண்டுபோகும், உயரத்துக்கு அல்ல. கையின் அசைவும் அங்கே போய்ச் சேராது. நூறு மீட்டருக்குள் வைத்துக்கொண்டால் பட்டம் உங்கள் சொல்லைக் கேட்கும்.

ஈரக்காற்று கனமானது, அதனால் பட்டம் ஏறவில்லை என்று பலரும் சொல்வார்கள். உண்மை வேறு. நீராவி காற்றைவிட இலேசானது. ஆகஸ்ட் மாதத் தில்லியின் புழுக்கக் காற்றுக்கும் வறண்ட காற்றுக்கும் எடையில் உள்ள வேறுபாடு நூற்றுக்கு இரண்டு பங்குகூட இருக்காது. ஈரம் கெடுப்பது தாளையும் மூங்கிலையும்தான். தாள் தொய்ந்து, வில்லின் விறைப்பு போய்விடும். பட்டங்களை வீட்டுக்குள் செய்தித்தாளுக்கு நடுவே தட்டையாக வைத்திருந்து, விடும் நேரத்தில் மட்டும் மாடிக்கு எடுத்துப் போங்கள்.

நூல்

பருத்தி நூல் மட்டும் வாங்குங்கள். 2017 ஜனவரியில் தில்லி அரசு நைலான், பிளாஸ்டிக் மாஞ்சாவையும், கண்ணாடித் தூளோ உலோகத் தூளோ பூசிய நூலையும் தடை செய்தது. அதே ஆண்டு ஜூலையில் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் செயற்கை மாஞ்சாவை நாடு முழுவதும் தடை செய்தது. அனுமதி இருப்பது எதுவும் பூசாத பருத்தி நூலுக்கு மட்டும்தான்.

தடைக்குப் பிறகும் ஏமாற்று உண்டு. ஒரு கடையில் பருத்தி என்று சத்தியம் செய்து கொடுத்த சர்க்கியை வாங்கி வந்தேன். தொட்டால் வழவழப்பாக இருந்தது. சந்தேகப்பட்டு ஒரு சாண் நூலை எவர்சில்வர் தட்டில் வைத்துத் தீக்குச்சியைக் காட்டினேன். நெருப்பு நெருங்கும் முன்பே நூல் சுருங்கி ஓடியது. உருகி, கடுகளவு கறுப்பு மணியாக உறைந்தது. நகத்தால் நசுக்கிப் பார்த்தேன், நசுங்கவில்லை. பருத்தி அப்படிச் செய்யாது. நின்று எரியும், காகிதம் எரிந்த வாசனை வரும், மிஞ்சும் சாம்பல் விரலிடையில் பொடியாகும். அந்தச் சர்க்கியைத் திருப்பிக் கொடுத்தால் வேறு யாருக்காவது விற்றுவிடுவார்கள் என்று, கொடுத்த பணம் போனால் போகட்டும் என அங்குலம் அங்குலமாக வெட்டிப் போட்டேன். நூல் வாங்கியதும் இந்தச் சோதனையை நீங்களும் செய்யுங்கள். ஒரு நிமிட வேலை.

வித்தியாசம் முறிவில் இருக்கிறது. பருத்தி ஓர் அளவுக்குமேல் இழுபட்டால் அறுந்துவிடும். நைலான் நீண்டுகொடுக்குமே தவிர அறாது. ஒரே விசையை மயிரிழைப் பரப்பில் செலுத்தினால் அது கத்தி. மோட்டார் சைக்கிளில் வருபவர் கழுத்திலோ பறவையின் இறக்கையிலோ அறாத நூல் விழுந்தால் அந்த வேகம் முழுவதையும் தோல்தான் தாங்க வேண்டும். 2009-இல் எங்கள் வேம்பில் ஒரு மாடப்புறா இப்படித் தொங்கியது. ஏணி வைத்து இறக்கி, அட்டைப் பெட்டியில் வைத்து, செங்கோட்டைக்கு எதிரே திகம்பர ஜைன லால் மந்திரில் இருக்கும் பறவை மருத்துவமனைக்குக் கொண்டுபோனோம். இறக்கையின் வேரில் எலும்பு தெரிந்தது. அன்றிலிருந்து பறவைகள் கூடு விட்டுக் கிளம்பும் அதிகாலையிலும் கூடு திரும்பும் அந்தியிலும் நான் பட்டம் விடுவதில்லை. பிற்பகல் மூன்றிலிருந்து ஐந்து வரை என் நேரம்.

பூசாத நூலும் கையை அறுக்கும். ஆள்காட்டிவிரலின் இரண்டு கணுக்களிலும் மருந்துக்கடைக் காகித ஒட்டுநாடாவைச் சுற்றிக்கொள்ளுங்கள். நூலை உள்ளங்கையில் சுற்றிப் பிடிக்கவே கூடாது. சுற்றச் சுற்ற உராய்வு பல மடங்காகி, திடீரென்று காற்று அடித்தால் உங்களால் விட முடியாமல் போகும்.

மயூர் விஹார், லட்சுமி நகர்ப் பக்கம் இருப்பவர்கள் மெட்ரோப் பாதையின் பக்கம் பட்டத்தைப் போகவிடாதீர்கள். மேலே ஓடும் கம்பியில் 25,000 வோல்ட் இருக்கிறது. மின்கம்பியில் சிக்கிய பட்டம் போனது போனதுதான். கொம்பை நீட்டி எடுக்கப் போக வேண்டாம். நனைந்த பருத்தி நூல் மின்சாரத்தைக் கடத்தும். மின்னலைப் பார்த்த பிறகு இடி கேட்கும் வரை எண்ணுங்கள். மூன்று நொடிக்கு ஒரு கிலோமீட்டர். ஆனால் அந்தக் கணக்கு தொலைவை அறிவதற்கு மட்டும். இடி காதில் விழுந்தாலே பட்டத்தை இறக்க வேண்டிய நேரம் வந்துவிட்டது.

இறக்கும்போது சர்க்கியை வேகமாகச் சுற்றாதீர்கள். வேகமாக இழுத்தால் பட்டத்துக்குக் காற்று கூடுகிறது, அது இன்னும் மேலே ஏறப் பார்க்கும். கையால் மெல்ல நூலை வாங்கித் தரையில் வட்டமாக விட்டு, பின்னால் நிற்பவரைச் சுற்றச் சொல்லுங்கள். கடைசிப் பதினைந்து மீட்டரில் மாடிச் சுழல் மறுபடி பிடிக்கும். அங்கே மட்டும் சற்று விரைவாக இழுத்துக் கைக்குக் கொண்டுவந்துவிடுங்கள். வளையத்தில் கட்டிய நூலை வெட்டி எடுங்கள், சூத்திரத்தை அவிழ்க்க வேண்டாம். சரியாக அமைந்த சூத்திரத்தின் கால்களை அளந்து பட்டத்தின் ஓரத்தில் பென்சிலால் எழுதிவையுங்கள். அடுத்த பட்டத்துக்கு அதே அளவில் தொடங்கலாம்.

ஆகஸ்ட் 16 காலையில் எங்கள் குடியிருப்பில் பிள்ளைகளோடு நானும் ஒரு சுற்று வருவேன். வேம்பில், தொலைக்காட்சிக் கம்பியில், மாடிச் சுவர்களில் முந்தின நாள் நூல் கற்றை கற்றையாகத் தொங்கிக்கொண்டிருக்கும். எட்டும் உயரத்தில் இருப்பதை எல்லாம் ஒரு கோணியில் சேர்ப்போம். அப்படியே குப்பையில் போட்டால் காக்கையின் காலில் சிக்கும். எனவே நிழலில் உட்கார்ந்து கத்தரிக்கோலால் விரல்கடை அளவுக்கு வெட்டிவிட்டுப் பிறகுதான் போடுவோம்.